மலைவீட்டின் பன்னிரண்டு மாதங்கள்

சிலமலையில் நின்று மேற்கே பார்க்கிற எவருக்கும் ஒருமுறையேனும் அந்த ஆசை வந்திருக்கும். போடிநாயக்கனூர்ச் சமவெளி வெயிலில் காந்திக்கொண்டிருக்க, மேலே மலைவிளிம்பில் மேகம் படிந்து கிடக்கும். அங்கே நமக்கென்று ஒரு வீடு இருந்தால்? 1845இல் அமெரிக்க மிஷனரிகளைக் கொடைக்கானலில் வீடு கட்ட வைத்ததும் இதே ஆசைதான். இன்று போடிமெட்டுக்கு அப்பால், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய வீட்டை வாங்கிப் போடுகிற நம்மவர்களையும் அதுவே மேலே இழுக்கிறது.

அதன் இன்பங்களைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. விடியலில் பனிமூட்டம் சன்னல்வரை வந்து நிற்பதும், ஏலக்காய் உலர்கிற மணம் காற்றில் ஏறி வருவதும், நடுப்பகலில் கம்பளி தேடுவதும் சமவெளியில் பிறந்தவர்களுக்குச் சிறிய பேறுகள் அல்ல. ஆனால் இந்தப் பேறு ஆண்டுக்குப் பத்து நாள். மீதி நாட்களில் அந்த வீடு என்ன செய்கிறது என்று நாம் எண்ணுவதில்லை.

நனைகிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு இந்தப் பக்கம் சாரலோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை கொட்டித் தீர்க்கும். பிறகு போய்த் திறந்தால் பூட்டில் சாவி திரும்பாது. மெத்தையில் பூஞ்சணம், மின்பெட்டிக்குள் எலிக்கூடு, குளியலறையில் அட்டை. புத்தகங்களைக் கொண்டுபோய் அடுக்கியவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஓடு மாற்றவோ மோட்டார் பழுது பார்க்கவோ போடியிலிருந்து ஆள் வளைவுகளைக் கடந்து ஏறி வர வேண்டும். ‘நாளைக்கு வர்றேன்’ என்பது அங்கே ஒரு வகை வழியனுப்புதல். இவை போக, நமக்கு முன்பே அங்கே குடியிருப்பவர்கள் உண்டு. சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதியில் அரிசி தேடி வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றது. வீட்டுக்கு உரிமை கொண்டாடுவதில் நம்மைவிட அதற்கு உறுதி அதிகம்.

நில உரிமையும் அங்கே லேசான சங்கதி அன்று. ஏலமலைக் காடுகளில் ஏலச் சாகுபடிக்கென்று தரப்பட்ட நிலங்கள் வேறு உபயோகங்களுக்கு மாறுவது நெடுநாள் வழக்கு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டாக்களுக்கும் வணிகப் பயன்பாட்டுக்கும் இடைக்காலத் தடை விதித்தது.

இத்தகைய வீட்டுப்பாடுகளை இலக்கியமாக்கியவர்களில் பெரும்புகழ் பெற்றவர் பீட்டர் மேல். பிரான்சின் தென்பகுதியில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கிக் குடியேறிய ஆங்கிலேயர். 1989இல் வந்த ‘எ இயர் இன் புரோவான்ஸ்’ நூல் ஜனவரி முதல் டிசம்பர்வரை மாதவாரியாகச் செல்கிறது. குளிரில் குழாய்கள் வெடிக்கின்றன. கொத்தனார்கள் வருகிறார்கள், காணாமல் போகிறார்கள். வேலையை முடிக்கவைக்க, அவர்களை மனைவியரோடு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைக்கிறார். நாம் சிரித்துக்கொண்டே படித்த நூல். அந்தச் சிரிப்பு உறுத்தாததற்குக் காரணம் உண்டு: அந்தக் கொத்தனார்கள் அதே வட்டாரத்தில் தம் வீடும் தொழிலும் உள்ளவர்கள், எவருக்கும் கைகட்டி நிற்காதவர்கள்.

நம் மலைவீட்டின் காவல்காரர் அப்படியல்லர். எந்த ஓடு ஒழுகும், எந்தச் சன்னல் காற்றில் அடித்துக்கொள்ளும் என்று அறிந்தவர் அவர்தான். ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் அவ்வீட்டோடு வாழ்ந்தும், நாம் வருகிற அன்று வாசலுக்கு வெளியே நிற்கிறார். இந்த மலைச்சரிவில் எடுக்கப்பட்ட ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) படத்தின் ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமந்து, ஒரு துண்டு நிலத்துக்காகச் சேர்க்கிறார். கடைசியில் தன் நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே காவலாளாகிறார். லெனின் பாரதி அந்தக் கதையைத் திரையில் சொல்லிவிட்டார். உரைநடையில் நாம் இன்னும் சன்னலோரத்துப் பனிமூட்டத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காவல்காரர் தம் பன்னிரண்டு மாதங்களை எழுதினால் நூல் ஜனவரியில் தொடங்காது. கோடை விடுமுறை முடிந்து கடைசி வண்டி இறங்கிப் போன பிறகு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் ஓட்டின்மேல் ஏறுகிற ஜூனில்தான் தொடங்கும்.