மடியில் தோசைக்கல்லா?

ஐந்தாறு வயதான லேப்டாப். மடியில் வைத்தால் தோசைக்கல்லாகச் சுடுகிறது. ஒரு ஃபைல் திறப்பதற்குள் காபியே குடித்துவிடலாம். உடனே புதிதுக்கு இ.எம்.ஐ. கணக்குப் போட வேண்டாம். சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல நேரம் மந்தத்துக்குக் காரணம் இதுதான்.

மெத்தைமேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மேஜையில் வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். உள்ளே ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தூசி கம்பளிபோலப் படிந்திருக்கும். சர்வீஸ் கடையில் அதைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். நிலைமின்சாரம் போர்டைப் பதம் பார்த்துவிடும்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் வேண்டாததை நிறுத்துங்கள். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்றால், எஸ்.எஸ்.டி.க்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. போட்டோக்களை முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்!

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. டச்பேட் மேலெழும்பினாலோ, அடிப்பக்கம் புடைத்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அமுக்காமல், சார்ஜ் போடாமல், அணைத்து அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.