‘கீச்’ என்றால் பேடு... ‘கர்ர்’ என்றால் டிஸ்க்!

தீபாவளி முடிந்துவிட்டால் சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலையும் மந்தம். வீட்டில் வரவும் மந்தம். அந்த நேரம் பார்த்துத்தான், செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரின் சக்கரம் ‘கர்ர்’ என்று அரைக்க ஆரம்பிக்கும். ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தோன்றும். ஆனால், தள்ளிப்போடப் போட செலவு ஏறுகிற விஷயம் பிரேக்.

பிரேக் பேடு என்பது ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். அது தேய்ந்ததும், பல கார்களில் பேடோடு இருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கில் உரசி ‘கீச்’ என்று கத்தும். அப்போதே மாற்றினால் பேடு செலவோடு முடிந்தது. விட்டுவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். அதுதான் ‘கர்ர்’. டிஸ்க்கில் பள்ளம் விழும். வண்டி நிற்கும் தூரமும் கூடும். லாரிகள் பறக்கும் மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் இதோடு போவது உயிரோடு விளையாடுவது.

முதலில் ஒரு காசில்லாத சோதனை. ஆளில்லாத தெருவில், நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை மிதிக்காதபோதும் சத்தம் வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே ஜல்லி மாட்டியிருக்கலாம். எடுத்தால் தீர்ந்தது. மழைக்கு மறுநாள் காலையில் கேட்கும் உரசல், டிஸ்க்கில் படிந்த லேசான துரு. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். மிதிக்கும்போதெல்லாம் அரைத்தால் பேடு தீர்ந்துவிட்டது என்றே வையுங்கள். அதற்குமேல் ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

* நான்கு சக்கரத்துக்கும் மாற்ற வேண்டியதில்லை. முன்பக்கம் தேய்ந்திருந்தால் முன்பக்கம் மட்டும் போதும். ஆனால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

* டிஸ்க்கில் லேசான கோடுதான் என்றால் லேத்தில் கொடுத்துச் சீவலாம். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். சீவிய பிறகும் அதற்குக் கீழே போகக் கூடாது. போகும் என்றால் புது டிஸ்க்தான்.

* ஷோரூம் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் பிரேக் பாகங்கள் தருகின்றன. ஸ்பேர்ஸ் கடைகளுக்கும் தருகின்றன. பில்லோடு, சீல் பிரிக்காத பெட்டியாக வாங்குங்கள்.

எதில் கூடாது?

பழைய வண்டியில் கழற்றிய பேடு, பெயரில்லாத பேடு இரண்டும் வேண்டாம். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். பேடு தேயத் தேய ஆயில் மட்டமும் இறங்கும். கசிவு இருந்தாலும் இறங்கும். எது காரணம் என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பேடு மாற்றும்போதே காலிப்பரின் பின்களுக்கு அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள். பின் இறுகிவிட்டால் புதுப் பேடும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

வேலை முடிந்ததும், வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். இல்லாவிட்டால் முதல் மிதியில் கால் அடிவரை போகும், வண்டி நிற்காது. பழைய பேடை மறக்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். எவ்வளவு தேய்ந்திருந்தது என்று தெரியும்.

அடுத்த முறை டயர் கழற்றும்போதே மொபைல் டார்ச் அடித்துப் பேடைப் பாருங்கள். உராய்வுப் பகுதி 3 மி.மீ. அளவுக்கு மெலிந்திருந்தால், அந்த மாதச் செலவிலேயே பேடுக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். டிஸ்க் செலவு மிச்சம்.