தேவையை அளப்பவர் யார்? பிரேரிக் கிராமமும் மதிப்பீட்டு மாயையும்

சமூக அபிவிருத்தி பற்றிப் பேசுவோர் அனைவரும் உச்சரிக்கும் மந்திரம் ‘தேவை மதிப்பீடு’ என்பதாகும். ஒரு பிரதேசத்திற்கு யாது வேண்டும் என்பதை முதலிற் கண்டறிதல் வேண்டும். அதன் பின்னரே திட்டம் வகுத்தல் வேண்டும். கேட்பதற்கு இதனினும் நியாயமான கூற்றுப் பிறிதொன்றில்லை. வினாக்கொத்து தயாராகின்றது, புள்ளிவிபரம் திரட்டப்படுகின்றது, கூட்டம் கூட்டப்படுகின்றது, அறிக்கை அச்சேறுகின்றது. ஆயினும் அறிக்கையின் இறுதிப் பக்கத்தைப் படித்து முடித்த பின்னரும் ஒரு வினா எஞ்சிநிற்கின்றது. அளந்தவர் யார்? அளந்தபின் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இவ்வினாவைத் தவிர்த்துச் செய்யப்படும் மதிப்பீடு, ஏலவே எடுக்கப்பட்ட முடிவுக்கு அணிவிக்கப்படும் விஞ்ஞான உடையேயன்றி வேறன்று.

இவ்வுண்மையைத் தெளிவாக நோக்குதற்குக் கனடாவின் பிரேரிப் புல்வெளி, சிறப்பாகச் சஸ்காச்சுவான் மாகாணம், ஏற்றதோர் களமாகும். அங்கு கிராமம் என்பது ஆற்றோரத்திலோ சந்தையடியிலோ தானாக முளைத்ததன்று. நில அளவையாளரின் சங்கிலி அதனை முன்னதாகவே வரைந்திருந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் கொண்ட சதுரங்களாக நிலம் பிரிக்கப்பட்டது. அத்தகைய ஒன்பது சதுரங்கள் சேர்ந்து, பதினெட்டு மைலுக்குப் பதினெட்டு மைல் கொண்ட கிராமிய உள்ளூராட்சிப் பிரிவாக அமைவது பொதுவிதியாயிற்று. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிச் செல்லக்கூடிய தூரத்தைக் கணக்கிட்டுப் புகையிரதப் பாதை நெடுகிலும் தரிப்பிடங்களும், அவற்றின் அருகே தானியக் களஞ்சியக் கோபுரங்களும் நிறுவப்பட்டன. 1930களில் பிரேரி மாகாணங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் இருந்தன. இன்று அவற்றுட் பெரும்பாலானவை இல்லை. கோபுரம் சென்றது, பாதை சென்றது, பாடசாலை சென்றது. எஞ்சியிருக்கும் சில நூறு மக்களிடம் வினாக்கொத்து மட்டும் வந்து சேர்கின்றது.

தேவை என்பது ஒருமுகமானதன்று என்பதைச் சமூகவியலாளர் அறியாதவரல்லர். ஆங்கில அறிஞர் ஜொனதன் பிறட்சோ 1972இல் தேவையை நான்காக வகுத்தார். நிபுணர் வகுத்த நியமத்தின்படி குறைவெனக் காணப்படுவது நியமத் தேவை. மக்கள் தாமே வேண்டுமென உணர்வது உணர்ந்த தேவை. சேவையை நாடிச் செல்வதன் மூலம் புலப்படுவது வெளிப்படுத்திய தேவை. ஒத்த நிலையிலுள்ள பிறர் பெறுவதோடு ஒப்பிட்டுக் காண்பது ஒப்பீட்டுத் தேவை. இந்நான்கும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பொருந்தாதவிடத்து எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்பதே உண்மையான பிரச்சினை. அது புள்ளிவிபரவியலின் பிரச்சினையன்று, அதிகாரத்தின் பிரச்சினை. பிரேரியின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

அப்புல்வெளியில் எழுத்தில் இடம்பெற்ற தேவை மதிப்பீடுகளுள் மிகப் பழையன சிலவற்றை நிபுணர் செய்யவில்லை; ஆதிக்குடிகளின் தலைவர்களே செய்தனர். எருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்த 1876ஆம் ஆண்டில், ஆறாம் இலக்க உடன்படிக்கைப் பேச்சுக்களின்போது, கிறீ இனத் தலைவர்கள் தம் மக்களின் எதிர்காலத் தேவைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தனர். உழுகருவிகள் வேண்டும், பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் உதவி வேண்டும், அரச முகவரின் இல்லத்தில் மருந்துப் பெட்டி வேண்டும் என்றனர். அவை உடன்படிக்கையில் எழுதப்பட்டன. தமக்கு யாது நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர், அதற்கேற்பக் கேட்டனர். மதிப்பீட்டில் தவறு எதுவும் இருக்கவில்லை. தவறியது வாக்குக் கொடுத்தவரின் பக்கமே. 1966இல் சஸ்காச்சுவான் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம் மருந்துப் பெட்டிக்குச் சொல்லுக்குச் சொல்லான பொருளையே கொண்டு, வைத்திய சேவை முழுவதையும் அது உள்ளடக்காது எனத் தீர்த்தது.

இதற்கு மறுதலையான மதிப்பீடொன்றும் அங்கு நிகழ்ந்தது. 1889இல் இந்திய விவகார ஆணையாளர் ஹேற்றர் றீட் புதியதொரு கொள்கையை நடைமுறைப்படுத்தினார். ஒதுக்கிடங்களில் வாழும் குடும்பமொன்றுக்குச் சிறுதுண்டு நிலமும், ஓரிரு பசுக்களும், கையாற் பிடிக்கும் கருவிகளும் போதும் என்பது அக்கொள்கை. அறுவடை இயந்திரத்தைக் கூட்டாக வாங்கிப் பயன்படுத்த முயன்றவர்கள் தடுக்கப்பட்டனர். காட்டு வாழ்விலிருந்து இயந்திர யுகத்திற்கு ஒரே பாய்ச்சலிற் செல்லுதல் ஆகாது. இடையே குடியானவன் என்னும் படியைக் கடத்தல் வேண்டும் என்ற பரிணாமக் கோட்பாடு அதற்கு நியாயமாகக் காட்டப்பட்டது. தமக்குப் போட்டியாக ஆதிக்குடி விவசாயிகள் சந்தைக்கு வருகின்றனர் என்ற வெள்ளைக் குடியேறிகளின் முறைப்பாடு அக்கோட்பாட்டின் பின்னே மறைந்துநின்றது. அரிவாள் போதும் எனத் தீர்மானித்தவர் அரிவாள் பிடித்தவரல்லர். நியமத் தேவை என்பதன் வரலாற்று முகங்களுள் இதுவும் ஒன்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

மக்களே மதிப்பிட்டு மக்களே தீர்மானித்தவிடத்து யாது நிகழும் என்பதற்கும் அம் மாகாணமே விடை தருகின்றது. வைத்தியர் எவரும் நிலைத்திராத தனிமையான ஊர்களில், உள்ளூராட்சி மன்றங்கள் வரிப்பணத்தில் வைத்தியரை நியமித்துக்கொள்ள 1916ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. பல மன்றங்கள் சேர்ந்து ஒரு வைத்தியசாலையைக் கட்டவும் வழி பிறந்தது. 1930களின் வரட்சி அவ்வூர்களை வாட்டியபோதும் அம்முறை அழியவில்லை. 1944இல் ரொமி டக்ளஸ் தலைமையில் ஆட்சிக்கு வந்த கூட்டுறவுப் பொதுநல அரசாங்கம், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி சிகெறிஸ்ற் என்பாரை அழைத்து மாகாணத்தின் சுகாதாரத் தேவையை ஆராயச் செய்தது. சில வாரங்களுள் அவரது அறிக்கை வெளிவந்தது. அவ்வளவு விரைவில் எழுதப்பட்ட அறிக்கை பயன்பட்டமைக்குக் காரணம் அதன் நுட்பம் மட்டுமன்று. அதனைச் செயற்படுத்தத் தயாராக நின்ற மக்கள் அமைப்புகள் ஏலவே இருந்தமையே.

தென்மேற்கு மூலையிலுள்ள சுவிப்ற் கரன்ற் பிரதேசத்தில் பிற்வில் உள்ளூராட்சி மன்றத்தின் செயலாளராயிருந்த வில்லியம் பூராக், அயல் மன்றங்களை ஒன்று திரட்டினார். 1945இல் மக்கள் வாக்களித்தனர். 1946 யூலை 1ஆம் திகதி முதல் அப்பிரதேசம் தன் மக்களுக்குப் பொது மருத்துவக் காப்பீட்டை வழங்கலாயிற்று. தலைவரியும் நிலவரியும் செலுத்துவோர் அம்மக்களே. நிருவாக சபையைத் தெரிந்தோரும் அம்மக்களே. பதினாறு ஆண்டுகளின் பின், 1962இல், மாகாணம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு வந்தபோது அதனை எதிர்த்து வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அத்திட்டம் நடைமுறைச் சாத்தியமற்றது என்ற வாதத்திற்கு விடையாகச் சுவிப்ற் கரன்ற் நின்றது. உணர்ந்த தேவையும் தீர்மானிக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தமையால் விளைந்த பயன் இது.

அரசாங்கம் நியமித்த விசாரணைகள் யாவும் வீண் என்பது இதன் பொருளன்று. 1952இல் பேக்கர் என்பாரின் தலைமையில் நியமிக்கப்பட்ட விவசாயம், கிராமிய வாழ்வு பற்றிய அரச ஆணைக்குழு ஊர்தோறும் கருத்தரங்குகளை நடத்தி, 1957 வரையில் பதினான்கு தொகுதி அறிக்கைகளை வெளியிட்டது. சிற்றூர்களின் உள்ளூராட்சி மன்றங்களைப் பெரும் பிரிவுகளாக இணைக்கும் யோசனையும் அவற்றுள் இடம்பெற்றது. மன்றங்கள் அதனை எதிர்த்தன. 1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் பின்வாங்கியது. மன்றங்களின் எதிர்ப்புச் சரியா, பிழையா என்பது வேறு வினா. மதிப்பிடப்பட்டவர்கள் ‘வேண்டாம்’ எனக் கூறவும், அக்கூற்றுச் செல்லுபடியாகவும் அன்று இடமிருந்தது என்பதே இங்கு முக்கியமானது.

1993இல் அவ்விடம் மறைந்துவிட்டது. கடன் சுமையால் நெருக்குண்ட மாகாண அரசாங்கம் 52 சிறு கிராமிய வைத்தியசாலைகளுக்கான தீவிர சிகிச்சை நிதியை நிறுத்தியது. அவற்றுட் பல சுகாதார நிலையங்களாக மாற்றப்பட்டன. இதனைச் செய்தது மருத்துவக் காப்பீட்டைத் தந்த அதே இயக்கத்தின் வாரிசுக் கட்சி என்பது வரலாற்றின் முரண். உள்ளூர் மன்றங்கள் ஒன்றிணைந்து கட்டியெழுப்பிய வைத்தியசாலைகளும் மாகாணத் தலைநகரின் ஒரு முடிவினால் மாறின. பின்னர் 2002இல் முப்பதுக்கு மேற்பட்ட சுகாதார மாவட்டங்கள் 12 பிராந்திய அதிகார சபைகளாகச் சுருக்கப்பட்டன. 2017இல் அவையும் ஒரே சபையாயின. மக்களின் சுகாதாரத் தேவையை மதிப்பிடுதல் பிராந்திய சபைகளின் கடமை எனச் சட்டம் விதித்தது. மதிப்பிடும் கடமை சட்டத்தில் ஏறியது. தீர்மானிக்கும் இடமோ ஊரிலிருந்து மேன்மேலும் விலகிச் சென்றது.

இங்கு எதிர்த்தரப்பினர் வலுவான சான்றொன்றை முன்வைப்பர். மாகாணச் சுகாதாரச் சேவை ஆய்வு ஆணைக்குழு பின்னர் நடத்திய ஆய்வு, வைத்தியசாலைகள் மூடப்பட்ட ஊர்களில் மக்களின் உடல்நலம் அதனாற் சீர்கெட்டதாகக் காணவில்லை. இதனை மறுத்தல் நேர்மையன்று, மறுக்கவேண்டிய தேவையுமில்லை. கட்டில்களின் எண்ணிக்கையே சுகாதாரம் எனக் கொள்வது தவறு. ஆயினும் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. உறுதியான உள்ளூர்த் தலைமை இருந்து, ஏற்கத்தக்க மாற்றுச் சேவைகளை அமைத்துக்கொண்ட ஊர்கள் மாற்றத்தைச் சிறப்பாகத் தாங்கின. அவ்வாறு இயலாத ஊர்கள் இடர்ப்பட்டன. அதாவது, எதிர்த்தரப்பினர் காட்டும் சான்றே, ஊரின் கையில் உள்ள ஆற்றல்தான் ஊரைக் காத்தது எனக் கூறுகின்றது. அவ்வாற்றலை ஒடுக்கிவிட்டு மரண வீதத்தை மட்டும் எண்ணிக் களிப்பது எவ்வகைப் புலமையோ?

வெளிப்படுத்திய தேவை என்னும் அளவுகோல் எவ்வாறு ஏமாற்றும் என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. 1946 முதல் இயங்கிவந்த மாகாண அரசின் பஸ் சேவை 253 ஊர்களை இணைத்து நின்றது. அதன் 27 வழிகளுள் இரண்டே இலாபமீட்டின என்றும், பயணிகள் தொகை ஆண்டுதோறும் வீழ்ந்தது என்றும் கூறிய அரசாங்கம், அவ்வாண்டு மே மாத இறுதியில் அதனை மூடியது. பஸ்ஸில் ஏறியோர் எண்ணப்பட்டனர். அவர் யார் என்பது எண்ணப்படவில்லை. றிஜைனாவுக்கும் சஸ்கற்றூனுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் செல்லும் முதியவர், வன்முறை மிக்க இல்லத்தை விட்டுத் தப்பும் பெண், வாகனம் ஓட்ட இயலாத மாற்றுத்திறனாளி ஆகியோரின் பயணம், இலாப நட்டக் கணக்கில் வெறும் இருக்கை எண்ணாக மாறியது. அடுத்த ஆண்டு ஒற்றோபரில் கிறேஹவுண்ட் நிறுவனமும் மேற்குக் கனடாவை விட்டு நீங்கியது. சேவையைக் குறைத்தால் நாடுவோர் குறைவர். நாடுவோர் குறைந்தால் தேவை இல்லையெனப்படும். தேவை இல்லையெனின் சேவை மூடப்படும். இவ்வட்டத்திற்குப் பொருளாதாரம் எனப் பெயர்.

சிற்றூர்களைக் காணாமற்செய்யப் புள்ளிவிபரமே போதுமானது. 2011இல் கனடிய அரசாங்கம் குடிசன மதிப்பின் கட்டாய விரிவான வினாக்கொத்தை நீக்கி, விரும்பியோர் விடையளிக்கும் ஆய்வொன்றை நடத்தியது. விடை போதாமையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பிரிவுகளின் தரவுகள் வெளியிடப்படவில்லை. மிகுதியாகப் பாதிக்கப்பட்டது சஸ்காச்சுவானே. 2016இல் கட்டாய முறை மீண்டது. எனினும் அந்த இடைவெளி நிரம்பவில்லை. எண் இல்லாத ஊருக்குத் தேவையும் இல்லை என்றாகிவிடுகின்றது.

எல்லைக்கோடும் அத்தகையதே. உள்ளூராட்சிப் பிரிவின் தேவையை மதிப்பிடுவோர், அதன் நடுவிலோ அருகிலோ அமைந்த ஆதிக்குடி ஒதுக்கிடத்தை மத்திய அரசின் பொறுப்பெனக் கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஒரே வீதியில் பயணம் செய்து, ஒரே கடையிற் பண்டம் வாங்கி, ஒரே வைத்தியரை நாடும் மக்களுள் ஒரு பகுதியினரை எண்ணாது விட்டுப் பெறப்படும் கணக்கு, எத்துணை நுட்பமாயினும் பொய்க்கணக்கே. 1876இல் மருந்துப் பெட்டி கேட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றைய அறிக்கையிலும் எல்லைக்கு அப்பாலேயே நிறுத்தப்படுவார்களாயின், அம்மதிப்பீடு யாருக்காகச் செய்யப்படுகின்றது?

மக்களின் ஆசைக்கு அளவில்லை. நிதிக்கு அளவுண்டு என்பது இறுதியாக எழுப்பப்படும் ஆட்சேபம். சுவிப்ற் கரன்ற் மக்கள் இதற்கு ஏலவே விடை கூறிவிட்டனர். செலவைத் தாமே ஏற்கும் மக்கள், எதனை முதலிற் பெறுவது என்பதையும் தாமே வரிசைப்படுத்துவர். பொறுப்பு வழங்கப்படாதவிடத்தே கோரிக்கை வரம்பிழக்கின்றது. வெறும் விருப்பப்பட்டியல் எழுதுமாறு மக்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் விருப்பப்பட்டியலையே எழுதினர் எனக் குறைகூறுதல் அறமன்று.

ஆகவே மதிப்பீடு வேண்டுமா, வேண்டாமா என்பதன்று வினா. வேண்டும். ஆயின் மூன்று நிபந்தனைகளோடு வேண்டும். வினாவை வகுக்கும்போதே அவ்வூர் மக்கள் உடனிருத்தல் வேண்டும். எல்லைக்கோட்டின் இருபுறத்தாரும் எண்ணப்படுதல் வேண்டும். விடை கிடைத்தபின் அதனைச் செயற்படுத்தும் நிதியும், ஏற்க மறுக்கும் உரிமையும் அவர்களிடம் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து வினாக்கொத்தோடு வரும் ஆய்வாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, அரிவாள் போதும் என்று கூறிய ஆணையாளரின் பணியையே தொடர்கின்றார். சமூக விஞ்ஞானம் கற்போர் தம் கையிலுள்ள அளவுகோலை ஊரின் மீது வைக்குமுன், அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யாரெனத் திரும்பிப் பார்ப்பது கடமையாகும்.