முதியோருக்கும் ஒரு தட்டு

தமிழ்நாட்டில் 1971இல் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக நான்கு குழந்தைகளைப் பெற்றார். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் அந்த எண்ணிக்கை 1.8. மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிலைக்க 2.1 வேண்டும். அந்தக் கோட்டைத் தமிழகம் 2000ஆம் ஆண்டையொட்டியே கடந்துவிட்டது. இதன் விளைவு 2011 கணக்கெடுப்பிலேயே தெரிந்தது: ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 74 லட்சம், அறுபதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 75 லட்சம். மக்கள்தொகையில் முதியோரின் பங்கு 2031இல் 18 சதவீதத்தைத் தொடும் என்கிறது மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுவின் மதிப்பீடு.

இந்த மாற்றத்துக்கு அடிப்படையாக அமைந்தது பிறந்த குழந்தை தங்கும் என்ற நம்பிக்கை. 1971இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். 2020இல் அது 13ஆகக் குறைந்தது. ஊருக்கு அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. 1956இல் தொடங்கி 1982இல் பெரிதாக விரிந்த மதிய உணவு, பெண் குழந்தைகளையும் பள்ளிக்கு அழைத்து வந்தது. படித்த பெண்ணின் திருமண வயது தள்ளிப்போனது. கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்துப் பேசிய பெரியாரின் பிரசாரம் 1930ஐ ஒட்டியே தொடங்கிவிட்டதால், குழந்தை எத்தனை என்ற கேள்வி இங்கே பொதுவெளிக்குப் புதிதாக இருக்கவில்லை. ஆனால் அதன் சுமையைப் பெண்ணின் உடலே தாங்கியது. கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

பிறப்பு குறைந்ததன் பலன் கண்கூடானது. தாய்மாரின் உடல்நலம் மேம்பட்டது, பிள்ளைகள் கல்லூரி வரை சென்றார்கள். அதே பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்கும் கோவைக்கும் வளைகுடாவுக்கும் போனதால், பெற்றோர் ஊரில் தனித்தனர். முதுமையில் தனித்திருப்பவர்களில் பெரும்பாலோர் கணவனை இழந்த பெண்கள். ஓய்வூதியப் பணத்தைத் தர வருபவரின் கைரேகைக் கருவியில், ஆயுள் முழுக்கக் களையெடுத்தும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்துபோன விரலை அப்படியொரு மூதாட்டி திரும்பத் திரும்ப வைக்கிறார். கருவி அடையாளம் காணாவிட்டால் அன்று பணம் இல்லை. ஒருத்திக்காக உலை வைப்பானேன் என்று காலையில் ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவுக்கும் வைத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள உடலுக்கு இந்த உணவு போதாது.

தொழில் உலகிலும் இதே மாற்றம் தெரிகிறது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளும் சென்னையின் கட்டுமானத் தளங்களும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் கைகளை நம்பியிருக்கின்றன. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்ச் செய்தியால் பலர் ஊர் திரும்பத் தொடங்கியபோது, தொழில்துறை எவ்வளவு பதறியது என்பதை மாநிலமே பார்த்தது. வந்தவர்களுக்கு ரேஷன், குடியிருப்பு, அவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை உறுதிசெய்வது தமிழகத்தின் சொந்த நலனுக்கான செலவு.

அரசியலில் இந்த மாற்றத்துக்குத் தண்டனையே கிடைத்திருக்கிறது. 1962 தேர்தலில், அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழகத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. மக்கள்தொகை ஒப்பீட்டில் பின்தங்கியதால் 1967இல் அது 39 ஆனது. அந்த அநீதி தொடரக்கூடாது என்பதற்காகவே 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தமும் 2001இல் 84ஆவது திருத்தமும் 1971 மக்கள்தொகையின் அடிப்படையிலான பங்கீட்டை மாறாமல் நிலைநிறுத்தின. 2027 கணக்கெடுப்பைக் காட்டி மீண்டும் இடங்களைக் குறைத்தால், நாட்டின் கொள்கையை நம்பி நடந்த மாநிலங்களுக்கு அது துரோகம்.

இந்த அச்சத்திலிருந்து ஒரு தவறான மருந்து முன்வைக்கப்படுகிறது. அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற குரல் தென்னகத் தலைவர்களிடமிருந்தே எழுகிறது. பிறப்பைக் கூட்ட ஆண்டுக்கணக்காகப் பெரும் பணம் கொட்டிய தென்கொரியாவில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 2023இல் 0.72 வரை இறங்கியது. ஒரு குழந்தைக் கட்டாயத்தைக் கைவிட்டு, பிறகு மூன்று வரை அனுமதித்த சீனாவிலும் பிறப்பு மீளவில்லை. தொகுதிக் கணக்குக்காகப் பெண்ணைப் பிள்ளை பெறச் சொல்வது அறமும் அல்ல. இன்று பிறக்கும் குழந்தை உழைக்கும் வயதை எட்ட இருபது ஆண்டுகள் ஆகும். இன்று எழுபதைத் தொட்டவருக்கு அவ்வளவு காலம் இல்லை.

செய்ய வேண்டியது வேறு. குழந்தைகளுக்காகத் தமிழகம் கட்டிய அமைப்பை முதியோருக்கும் திறந்துவிட வேண்டும். ஊர்தோறும் அரசுப் பள்ளியில் ஒரு சத்துணவுக்கூடம் உண்டு. அடுப்பு, பாத்திரம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. வரிசையில் நிற்கும் பிள்ளைகள்தான் பல ஊர்களில் குறைந்துவிட்டனர். 1983லேயே முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் மதிய உணவு நீட்டிக்கப்பட்டது என்பதால் இது தமிழகத்துக்குப் புதிய யோசனையும் அல்ல. அதை விரிவாக்கி, மாணவர் எண்ணிக்கை குறைந்த ஊர்களில் சத்துணவுக்கூடத்தையும் காலியாக உள்ள வகுப்பறையையும் முதியோரின் பகல்நேர மையமாக மாற்றலாம். பள்ளி நேரத்துக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் குந்தகம் வராமல் தனி வாசலும் தனி நேரமும் வகுக்க முடியும். நடக்க இயலாதவருக்குச் சோறு வீடு தேடிப் போக வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் அந்த மையத்திலேயே இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தரலாம். ஓய்வூதியத்தையும் அங்கேயே, ரேகை பதியாவிட்டால் மாற்று அடையாளத்தை ஏற்று, வழங்கலாம்.

பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை, அரசுக்கு அதில் என்ன வேலை என்ற கேள்வி எழும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் அந்தக் கடமையை வலியுறுத்தத்தான் செய்கிறது. ஆனால் நானூறு கிலோமீட்டர் தள்ளி வாடகை வீட்டில் இருக்கும் மகனால் நண்பகலில் சோறு பரிமாற முடியாது. நடைமுறையில் அந்தக் கடமை வேலையை விட்டுவரும் மகள் மீதும் மருமகள் மீதும் விழுகிறது. வீண்செலவு என்ற விமர்சனமும் வரும். மதிய உணவை விரிவாக்கிய 1982இலும் அது வந்தது.

செலவு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. கூடுதல் வேலைக்கு ஏற்பச் சத்துணவு ஊழியர்களுக்கு முறையான ஊதியம் தர வேண்டும். தராமல் அவர்கள் தலையில் சுமத்தினால் திட்டம் தோற்கும். தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாயாக 2023இல் உயர்ந்தது. ஆனால் 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசின் திட்டம் தருவது இன்னமும் 200 ரூபாய். இதை உயர்த்துவது மத்திய அரசின் பொறுப்பு. பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு 15ஆவது நிதிக்குழு தன் பங்கீட்டு முறையில் 12.5 சதவீத எடை அளித்தது. இனி முதியோர் விகிதத்துக்கும் தனி எடை வேண்டும்.

2027 கணக்கெடுப்பின் முடிவு வெளிவரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர் என்ற பட்டியல் கல்வித் துறையிடமும், எந்த ஊரில் எத்தனை முதியோர் ஓய்வூதியம் பெறுகின்றனர் என்ற பட்டியல் வருவாய்த் துறையிடமும் உள்ளன. இரண்டையும் பொருத்திப் பார்த்து, மாவட்டத்துக்குச் சில ஊராட்சிகளில் வரும் கல்வியாண்டிலேயே மாநில அரசு இதைத் தொடங்க வேண்டும்.