பினாங்கில் உண்டோம், நமது கடைத்தெருவை நினைத்தோம்



வெளிநாடு போய்த் திரும்பும் வணிகர்கள் அங்கே கண்ட அடுக்குமாடி அங்காடிகளைப் பற்றியும், குளிரூட்டிய பெருங்கடைகளைப் பற்றியும் வியந்து பேசுவது வழக்கம். நம் சங்கத்தைச் சேர்ந்த அரிசி, மளிகை, எண்ணெய் வியாபாரிகள் ஆறு பேர் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குச் சென்று வந்தோம். எங்களை வியக்க வைத்தவை அவையல்ல. தெருவோரத்தில், தோப்பில், கடற்கரையில் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட சிறு கடைகளே.

"தின்றதையெல்லாம் கட்டுரையாக எழுதுவதா?" என்று சிலர் சிரிக்கக் கூடும். சாப்பாட்டுக் கடை என்பது மளிகைக் கடையின் மறுபாதி. அங்கே அடுப்பு எரிந்தால்தான் இங்கே மூட்டை பிரியும். ஆகவே இது நம் தொழிலைப் பற்றிய கட்டுரைதான்.

தோளில் வந்த வியாபாரம்

பினாங்கு நமக்கு அந்நிய ஊர் அன்று. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் அங்கே ஜார்ஜ் டவுன் நகரத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே நம்மவர்கள் அங்கே வணிகம் செய்கிறார்கள். நம் தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு துறைமுகத்தில் இறங்கியவர்கள் பலர். 'சூலியா தெரு' என்று ஒரு தெருவே நம் முஸ்லிம் வணிகர்களின் பெயரில் இன்றும் இருக்கிறது.

அந்தத் தீவின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் சொல்லும் சாப்பாடு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் காவடித் தண்டு. கடை வைக்க முதல் இல்லாத தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் காவடியில் கட்டித் தோளில் சுமந்து, துறைமுகக் கூலியாட்களுக்கு விற்ற சாப்பாடு அது. தென்காசி, கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்து மக்கள் பலர் இப்படித்தான் அங்கே தொழில் தொடங்கினார்கள். இன்று அந்தச் சாப்பாடு நாடு முழுவதும் கிளைகள் வைத்திருக்கும் பெரிய தொழிலாகிவிட்டது.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடையில் உட்கார்ந்தோம். மின்விசிறி மெல்லச் சுற்றுகிறது. தட்டில் சோற்றை வைத்து, ஒரு குழம்பின்மேல் இன்னொரு குழம்பாக நாலைந்தை ஊற்றுகிறார்கள். இதற்கு 'பஞ்சிர்', அதாவது வெள்ளம் என்று பெயர். அதே வீதியில் சிறிது தூரத்துக்குள் தேவாலயமும், சீனர்களின் குவான் யின் கோயிலும், சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தவர்களும், கோயிலுக்கு வந்தவர்களும், அலுவலகச் சீனர்களும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிறார்கள். எங்களில் சைவர்கள் இருவர். அவர்களுக்கும் குறையில்லை. மார்க்கெட் தெருவில் வாழையிலையில் தோசை கிடைத்தது. சீனர்களின் சைவ உணவுக் கடைகளும் உண்டு.

ஒரே கூரை, பல அடுப்பு

அடுத்து எங்கள் கவனத்தைக் கவர்ந்தது 'கோப்பித்தியாம்' எனும் சீனக் காப்பிக் கடை. பளிங்குக் கல் மேசை, மர நாற்காலி, கருக வறுத்த காப்பிக் கொட்டையின் வாசனை, துணிப்பையில் வடிகட்டும் காப்பி. கூட்டமும் இரைச்சலும் நம் ஊர்ப் பேருந்து நிலையத்தை நினைவூட்டின. ஆனால் நாங்கள் பார்த்தது அதன் வியாபார அமைப்பை.

கடைக்காரர் விற்பது காப்பி, தேநீர், பானங்கள் மட்டும். சமையல் அவருடையது அன்று. கடையின் முன்புறத்தில் சின்னச் சின்ன வண்டிகளுக்கு இடம் விட்டு வாடகை வாங்கிக்கொள்கிறார். ஒரு வண்டியில் வறுத்த தட்டை நூடுல்ஸ், இன்னொன்றில் மீன் குழம்பு லக்சா, மற்றொன்றில் கஞ்சி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பண்டம்தான் செய்கிறார். அதையே ஆயுள் முழுவதும் செய்கிறார். சாப்பிட வருகிறவர் எந்த வண்டியில் வாங்கினாலும் மேசைக்கு ஒரு காப்பி சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் சில கடைகளில் அதற்குத் தனிக் கட்டணமே உண்டு.

கடைக்காரருக்கு வண்டிக்காரர் போட்டியல்ல. கூட்டத்தை இழுத்து வருகிறவர். வண்டிக்காரருக்குக் கடைக்காரர் முதலாளியல்ல. கூரை, தண்ணீர், மேசை தருகிறவர். இருவர் கல்லாவும் நிறைகிறது. நம் ஊரில் இந்த இருவரும் காவல் நிலையத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

கடை மூடிய பின் கடை

ஜார்ஜ் டவுனின் பழைய கடைகள் எல்லாம் கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பில் கட்டியவை. கடை வாசலில் ஐந்தடி அகலத்தில் கூரையிட்ட நடைபாதை ஒன்று தெரு நெடுகச் செல்கிறது. 'காக்கி லீமா' என்பார்கள். 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ராபிள்ஸ் வகுத்த விதியிலிருந்து பரவிய முறை இது. திடீர் திடீரென்று மழை கொட்டும் தீவில், வாடிக்கையாளர் நனையாமல் கடைகடையாக ஏறி இறங்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இரவில் சூலியா தெருவில் நடந்தோம். பகல் வியாபாரிகள் கதவை இழுத்துப் பூட்டிப் போகும் நேரத்தில், அதே வாசல்களில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கின்றன. விளக்கு எரிகிறது, இரும்புச் சட்டி ஓசை கேட்கிறது, பிளாஸ்டிக் முக்காலிகள் தெருவில் இறங்குகின்றன. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர்.

தோப்பிலும் கடலோரத்திலும்

நகரத்தை விட்டுத் தீவைச் சுற்றி வந்தோம். பத்து பிரிங்கி, தெலுக் பஹாங் வழியாக மலைச்சாலையில் ஏறி இறங்கினால் பாலிக் பூலாவ். தீவின் பின்பக்கம் என்பதே அந்தப் பெயரின் பொருள். வழியெல்லாம் டுரியான் பழத்தோட்டங்கள். அங்கே டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழ வேண்டும். அடிபடாமல் இருக்க மரத்தடியில் வலை கட்டுகிறார்கள். சாலையோரக் கொட்டகையில் பலகை மேல் உட்கார்ந்தால், பழத்தைத் தட்டி, முகர்ந்து, பிளந்து முன்னால் வைக்கிறார் தோட்டக்காரர். நாங்கள் வாங்கிய ஒன்று சரியில்லை. கேட்காமலே வேறு பழம் பிளந்து தந்தார். விலையில் அதைச் சேர்க்கவில்லை. வியாபாரத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பகுதியில் ஜாதிக்காயும் விளைகிறது. நாம் கடையில் விற்பது கொட்டையும் ஜாதிபத்திரியும் மட்டுமே. அவர்களோ மேல் சதையை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறப் போட்டும், உலர்த்தியும், சாறு பிழிந்தும் விற்கிறார்கள். சௌராஸ்தா சந்தையில் அந்த ஊறல் வகைகளுக்கென்றே கடைகள் இருக்கின்றன. 'சௌராஸ்தா' என்ற அந்தப் பெயரும் நம் நாட்டிலிருந்து போனதுதான்.

ஆயிர் ஈத்தாமில், கெக் லோக் சி கோயில் மலையின் அடிவாரக் கடைத்தெருவில் புளிப்பு லக்சா சாப்பிட்டோம். மீன், புளி, இஞ்சிப்பூ, இறால் விழுது சேர்ந்த சாறு. தெற்கே மீனவர் ஊர்களில் கடலைப் பார்த்துப் போட்ட மேசைகள். எங்கும் மேசை விரிப்பு இல்லை. வாசலில் சீருடைக் காவலர் இல்லை. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

இந்த இடங்களுக்கு அழகு எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பக்கத்து மளிகைக் கடை, எதிரே தகரப் பட்டறை, மாடியில் குடியிருக்கும் குடும்பம், வாசலில் வண்டி, இவை எல்லாம் சேர்ந்திருப்பதே அந்த அழகு. காசு கொடுத்து அலங்காரம் செய்து அதை வரவழைக்க முடியாது.

வாடகை செய்த வேலை

அந்த அழகுக்கு வந்த ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 1948க்கு முன் கட்டிய கட்டிடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே காத்து வந்தது. அதனால் சிறு வியாபாரிகளும் கைத்தொழிலாளர்களும் நகரின் நடுவிலேயே குறைந்த வாடகையில் இருந்தார்கள். சொற்ப வாடகைக்காகக் கட்டிட உரிமையாளர் ஓட்டைக் கூரையை மாற்ற மாட்டார் என்ற குறையும் இருந்தது. 1997இல் அச்சட்டத்தை நீக்கினார்கள். 1999 முடிந்ததும் பாதுகாப்பு முற்றிலும் போயிற்று. புதிய வாடகை தர இயலாமல் பல குடும்பங்களும் பழைய கடைகளும் வெளியேறின.

பிறகு 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் கட்டிடங்களின் மதிப்பு ஏறியது. பலசரக்குக் கடை இருந்த இடத்தில் விடுதியும், பயணிகளுக்கான நவீனக் காப்பிக் கடையும் வந்தன. சுவர் காப்பாற்றப்பட்டது. சுவருக்குள் இருந்த வியாபாரி போய்விட்டார்.

இன்னொரு கவலையும் உண்டு. வண்டிக்காரர்களின் பிள்ளைகள் வெயிலிலும் அனலிலும் நிற்க விரும்பவில்லை. வெளிநாட்டுக் கூலியாட்கள் கரண்டி பிடித்தார்கள். ருசி கெடுகிறது என்று, 2016 முதல் தெருவோரக் கடைகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என மாநில அரசு விதித்தது. கூலிக்கு ஆள் வைக்க விதி போடலாம். மகனைக் கடைக்கு வரச் செய்ய எந்த அரசாலும் விதி போட முடியாது. இந்த வேதனை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் போட்ட கையெழுத்து

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது கடைத்தெருவிலிருந்து தள்ளுவண்டிகளை அகற்றக் கோரி மனு கொடுத்தோம். எங்கள் அறுவர் கையெழுத்தும் அதில் உண்டு. நம் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாம் வாடகை, உரிமம், வரி எல்லாம் கட்டுகிறோம். நம் வாசலை மறைத்து, எச்சில் தட்டைப் போட்டுவிட்டு ஒருவர் காசு பார்ப்பதைச் சகித்துக்கொள்வது எளிதல்ல. மனு வென்றது. வண்டிகள் போயின. தெரு துடைத்தாற்போல் ஆயிற்று. இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை அவரவர் மனசாட்சியோடு எண்ணிப் பாருங்கள். பஜ்ஜி வண்டிக்காரர் நம்மிடம் கடலை மாவும் எண்ணெயும் வாங்கினார். சுண்டல்காரர் பட்டாணி வாங்கினார். பருத்திப்பால்காரர் கருப்பட்டி வாங்கினார். காலையில் சரக்கு எடுத்து, இரவு வண்டி கட்டியதும் கணக்கைத் தீர்த்தவர்கள். பாக்கி வைத்து ஓடியவர் அநேகமாக இல்லை. அந்த வியாபாரம் போயிற்று. பஜ்ஜி தின்ன வந்த குடும்பம் போகிற போக்கில் அரைக் கிலோ பருப்பும் ஒரு சோப்பும் வாங்கும், அதுவும் போயிற்று. இன்று மாலை ஏழு மணிக்கே தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. கூட்டம் புறவழிச் சாலையில் புதிதாக வந்த பெரிய அங்காடிக்குப் போகிறது. அங்கே உள்ளேயே சாப்பிட இடம் வைத்திருக்கிறார்கள்! நாம் துரத்தியதை அவர்கள் அழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

பழையபடி எல்லோரும் வந்து இஷ்டம்போல் நிற்கட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. மலேசியாவிலும் தெருக்கடைக்கு உரிமம் உண்டு. உணவைக் கையாள்பவர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். ஒழுங்கு வேண்டும்.

முதலாவது, நம் நாட்டில் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் தெரு வியாபாரிகளோடு வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்து, எந்த இடம், எத்தனை வண்டி, எந்த நேரம் என்பதைப் பேசி முடிவு செய்ய வேண்டும். மனு எழுதுவதைவிட இது பயனுள்ள வேலை.

இரண்டாவது, பகல் நமக்கு, மாலைக்குப் பின் அவர்களுக்கு என்று நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கடை அடைத்தவர் வாசலில் வண்டி நிற்கட்டும்.

மூன்றாவது, குடிதண்ணீர், குப்பைத்தொட்டி, கழிப்பிடம் ஆகியவற்றுக்குச் சங்கமும் வண்டிக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். துப்புரவு இல்லாத இடத்தில் குடும்பத்தோடு யாரும் உட்கார மாட்டார்கள்.

நான்காவது, கடைத்தெருவில் சொந்தக் கட்டிடம் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள், ஒரே தாவலில் வாடகையை ஏற்றிச் சிறு கடைகளைக் கிளப்பிவிடாமல் இருக்க வேண்டும். பத்துச் சிறு கடை போன இடத்தில் ஒரு பெரிய கடை வந்தால் வாடகை வரும், தெரு இருக்காது.

வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறோம். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். ஆனால் அதற்கு முன், ஒரு நாள் மாலை ஏழு மணிக்குக் கல்லாவை விட்டு எழுந்து, வாசலில் வந்து நின்று, நமது தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.