ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் தொடங்கட்டும் அரசியல் பாடம்

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கருக்கு விரிந்து கிடக்கிறது பழங்காலப் புதைமேடான ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. அதன் ஓரத்தில் வீடு கட்டலாமா கூடாதா, அங்கே கிடைத்த முதுமக்கள் தாழியும் பொன்பட்டமும் யாருக்குச் சொந்தம், தோண்டியவர்கள் அறிக்கை தராமல் இழுத்தடித்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தாம் இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து கல்லூரிக்குப் போய் அரசியல் அறிவியல் வகுப்பில் உட்காருகிறார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பட்டத்தோடு வரும்போது கூட்டாட்சியின் சிறப்பியல்புகளை வரிசை தவறாமல் ஒப்பிப்பார்கள். தம் ஊர் மேட்டின்மீது தில்லிக்கு என்ன அதிகாரம், சென்னைக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால் பதில் வராது. இது பிள்ளைகளின் குறையன்று. அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறையின் குறை. அரசியல் அறிவியல் பாடத்திட்டம் மாணவர் வாழும் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

முதலில் அந்த மாணவரின் அனுபவத்தைப் பார்ப்போம். இந்தப் பாடத்தை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. வணிகவியல் கிடைக்கவில்லை, கணினி கிடைக்கவில்லை, கடைசியாக இது கிடைத்தது என்று சேர்கிறவர்களே மிகுதி. வீட்டுக்குச் சொன்னால், “வேற குரூப் கிடைக்கலையால? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியோ?” என்ற கேள்வி வருகிறது. அடுத்த கேள்வி, படித்தால் என்ன வேலை என்பது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு உதவும் என்ற ஒற்றைப் பதிலில் மூன்று ஆண்டும் ஓடுகிறது. வகுப்பில் பிளேட்டோவில் தொடங்கி மார்க்ஸ் வரை பெயர்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, எழுதிய நூல், கொள்கை, குறைபாடு என்று நான்கு பத்திகள். பருவத் தேர்வுக்கு முந்திய வாரம் கெய்டு வாங்கி அந்தப் பத்திகளை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி உறுதி. ஒரு கருத்தை மறுத்து எழுதினால் மதிப்பெண் கூடுமா குறையுமா என்று தெரியாததால் யாரும் மறுத்து எழுதுவதில்லை. நடத்துகிறவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு பணி உண்டா என்ற உறுதி இல்லாதவரிடம் பாடப்புத்தகத்தைத் தாண்டிப் பேசும் துணிவை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இப்போது பரம்புக்கு வருவோம். இதைவிட நல்ல அரசியல் அறிவியல் பாடம் இந்தியாவில் எத்தனை ஊர்களில் இருக்கும் என்று தெரியவில்லை.

1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அவர் எடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பிறகு ஒரு நூற்றாண்டு அமைதி. 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளியே எடுத்தது. ஆனால் அறிக்கை வெளிவரவில்லை. ஆண்டுகள் பத்தைத் தாண்டின. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிபதிகள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின, கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக்கணிப்புகள் 2019-இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டன. ஒரு குடிமகன், ஒரு மனு, ஒரு நீதிமன்றம், அசையாதிருந்த ஒரு மத்தியத் துறை. பொறுப்புடைமை என்ற தலைப்பில் பத்துப் பக்கம் படிப்பதை விட இந்த வழக்கின் ஆவணங்களை ஒரு பருவம் படித்தால் மாணவருக்கு அரசு இயந்திரம் எப்படி நகர்கிறது, எப்போது நகர மறுக்கிறது என்பது விளங்கும்.

கூட்டாட்சியும் அங்கேயே இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட தொல்லிடங்கள் ஒன்றியப் பட்டியலின் 67-ஆம் பதிவில் வருகின்றன. அப்படி அறிவிக்கப்படாத பழைய நினைவுச்சின்னங்கள் மாநிலப் பட்டியலின் 12-ஆம் பதிவில். அறிவிக்கப்படாத தொல்லியல் களங்களோ பொதுப் பட்டியலின் 40-ஆம் பதிவில். ஒரே ஆற்றங்கரையில் மூன்று பட்டியல்களும் சந்திக்கின்றன. பரம்பில் இந்தியத் தொல்லியல் துறை. பக்கத்துச் சிவகளையிலும் கொற்கையிலும் மாநிலத் தொல்லியல் துறை. 2020 பிப்ரவரி 1-இல் நிதிநிலை அறிக்கை உரையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஆதிச்சநல்லூரைச் சின்னமாகக் காட்டத்தக்க ஐந்து தொல்லிடங்களுள் ஒன்றாக அறிவித்தார். 2023 ஆகஸ்டில் களத்திலேயே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் எழுந்து, சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அறிவித்தார். மாநில அரசு நெல்லையில் பொருநை அருங்காட்சியகத்தை எழுப்பியது. தாழிக்குள் கிடந்த நெல்லும் எலும்பும் ஏன் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பேசப்படுகின்றன? பழமைக்கு உரிமை கோருவதால் ஓர் அரசுக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்காத அரசியல் அறிவியல் வகுப்பு எதற்கு?

இதற்குள்ளே சாமானியரின் பாடும் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். உலகம் போற்றும் தொன்மை ஒரு புறம், பிள்ளைக்குக் கல்யாணம் முடித்து ஓர் அறை கூடுதலாகக் கட்ட நினைக்கும் குடும்பம் மறுபுறம். பொதுநலன் என்ற சொல்லை மாணவர் அந்தக் குடும்பத்தின் திண்ணையில் உட்கார்ந்து கற்க வேண்டும்.

பரம்பு இருக்கும் தூத்துக்குடி மாவட்டம் முழுவதுமே அப்படித்தான். கரையை ஒட்டிய மீன்பிடி மாநிலப் பட்டியலில். நாட்டின் ஆட்சி எல்லைக்குட்பட்ட கடலுக்கு அப்பால் நடக்கும் மீன்பிடி ஒன்றியப் பட்டியலில். முத்துக்குளித்த பரதவரின் பேரன் தன் படகு எந்தக் கோட்டைத் தாண்டினால் எந்த அரசின் கைக்குப் போகிறது என்பதைக் கல்லூரியில் கற்பதில்லை. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமானது. அந்தக் கணத்தில் அது மத்திய அரசின் பொருளானது. போராட்ட உரிமைக்கும் இங்கே பாடம் உண்டு. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்நின்று நடத்தினார், அவரைக் கைது செய்ததும் நெல்லையில் கலவரம் மூண்டு துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 2018 மே 22-இல் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தவர்கள்மீது போலீசார் சுட்டார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூடுகளில் 13 பேர் மாண்டார்கள். பேரணி நாளில் 144 தடையுத்தரவு நடப்பில் இருந்தது. அமைதியாகக் கூடும் உரிமையை 19-ஆவது உறுப்பு தருகிறது. தடையுத்தரவு அதை நிறுத்தி வைக்கிறது. இரண்டுக்கும் நடுவே எது நியாயமான கட்டுப்பாடு என்பதை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையை வைத்துக்கொண்டு விவாதிக்காமல், அமெரிக்க உரிமைச் சாசனத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிற தூத்துக்குடி மாணவருக்கு நாம் செய்வது அநீதி.

பழங்காலத் தேர்தல் என்றால் எல்லாப் பாடநூலும் உத்திரமேரூருக்கே போகிறது. நெல்லைக்குப் பக்கத்து மானூரில் ஏறத்தாழ கி.பி. 800-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபையில் யார் அமரலாம், என்ன நிலமும் என்ன படிப்பும் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அந்தச் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று கேட்டால் பெருமிதம் குறையும், அறிவு கூடும். அதே மாணவரை ஊர்க் கிராம சபைக்கு அனுப்புங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அங்கே எல்லோரும் உறுப்பினர். ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243உ உறுப்பு. ஆனால் 2019 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது புதிய தேர்தல் நடந்திருக்கவில்லை. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த நாள்களில் ஊராட்சிகளைப் பற்றிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் குறித்து வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவரின் ஊராட்சிக்குத் தலைவர் ஏன் இல்லை என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படிக்கிறார்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. 1960-களில் தமிழக அரசு கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழ் நூல்களை முனைந்து வெளியிட்டது. அந்த வேகம் நின்றுபோனது. இன்று தமிழ்வழி மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலக் கெய்டின் மொழிபெயர்ப்புக் கெய்டு. இலங்கைத் தமிழ் மாணவர்கள் உயர்தர வகுப்பிலேயே அரசறிவியலைத் தமிழில் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் தொடர்கிறார்கள். போரின் நடுவிலும் அவர்கள் விடாமல் வைத்திருந்த ஒன்றை நாம் அமைதிக் காலத்தில் கைநழுவ விட்டிருக்கிறோம்.

உள்ளூர் அரசியலை வகுப்புக்குள் விட்டால் கலவரம் வரும், கட்சியும் சாதியும் புகுந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளவில்லை. தென்மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பின்னரே, மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அறிக்கை தந்தது. சாதி ஏற்கெனவே வகுப்புக்குள் இருக்கிறது. அதைப் பற்றிச் சான்றோடும் ஒழுங்கோடும் பேசக் கற்றுத்தரும் பாடம் மட்டும்தான் உள்ளே இல்லை. பதினெட்டு வயதில் வாக்களிக்கும் தகுதியை 1989-இலேயே கொடுத்துவிட்டு, அதே வயதினரிடம் அரசியல் பேசாதே என்பது பொருந்தாது.

2012-இல் நடந்ததை நினைவூட்ட வேண்டும். என்.சி.இ.ஆர்.டி.யின் அரசியல் அறிவியல் பாடநூலில் இருந்த அம்பேத்கர் பற்றிய பழைய கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் புயலைக் கிளப்பியது. தலைமை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் விலகினார்கள். அடுத்த மாதமே, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் சித்திரத்தைத் தமிழகத் தலைவர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சித்திரம் போராடிய மாணவர்களை இழிவுபடுத்தியது, கோபம் நியாயமானது. ஆய்வுக்கு அமைக்கப்பட்ட தோரட் குழு பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தது. அக்குழுவில் இருந்த தமிழ் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் உடன்படாமல் தம் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். மாணவரின் சிந்தனைத் திறனை நம்பியவர் அவர். அவர் பக்கமே நாம் நிற்கிறோம். அந்தச் சித்திரத்தைக் கிழித்தெறிவதை விட, 1965-இல் தெருவில் இறங்கிய மாணவர்களின் வாக்குமூலங்களை அதன் அருகில் வைத்து, யார் சொல்வது சரி என்று வகுப்பை எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வி கடைசியாக நிற்கிறது. புறக்கணிக்க முடியாத கேள்வி அது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் பலரைக் கல்லூரிக்குள் கொண்டு வந்திருக்கிறது. அவர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். ஓர் அரசாணையைப் படித்துப் பொருள் சொல்லவும், தகவல் உரிமை மனு எழுதவும், ஊராட்சி வரவுசெலவுக் கணக்கைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கவும் தெரிந்த பட்டதாரிக்கு நீதிமன்றத்திலும் செய்தித்தாளிலும் அரசுத் துறையிலும் இடம் உண்டு. இவற்றில் எதையும் செய்யாமல் பட்டம் வாங்குகிறவருக்கு எங்கேயும் இடம் கடினம்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் தென்மாவட்டங்களுக்காகவே தொடங்கப்பட்டது. அதன் பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது, அரசியல் அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவம் முழுவதும் தம் ஊரின் ஒரு பொதுப் பிரச்சினையை ஆவணங்களோடு ஆராய்ந்து தமிழில் எழுதுவதைக் கட்டாயத் தாளாக்க வேண்டும். அதற்குப் பருவத் தேர்வுக்கு நிகரான மதிப்பெண் தர வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் அரசு, அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகளில் இந்தப் பட்ட வகுப்பு விரிவாகத் திறக்கப்பட்டு, நிரந்தர ஆசிரியர்கள் அமர்த்தப்பட வேண்டும். தரமான தமிழ் நூல்களை எழுதுவிக்கும் பொறுப்பைப் பாடநூல் கழகம் மீண்டும் ஏற்க வேண்டும். இவற்றுக்கு உயர்கல்வித் துறை இந்தக் கல்வியாண்டிலேயே உத்தரவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.