கூட யார் வருகிறார்கள்?

"யாரும்மா கூட வர்றா?"

நாக்பூருக்கு டிக்கெட் எடுத்துக் கொடு என்று கேட்டதும் மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். கைப்பேசியில் அம்பேத்கர் படம் வைத்திருப்பவன், சாதி மறுத்துத் திருமணம் செய்தவன். "யாரும் வரல, நான் மட்டும்தான்" என்றேன். "அடுத்த வருஷம் லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேனே" என்றான். அந்த அடுத்த வருடத்துக்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்துவிட்டேன். எனக்கு இப்போது 58 வயது.

பெண்கள் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தார்கள் என்று பொதுவாக எழுதுகிறார்கள். அது யார் வீட்டுப் பெண்களின் வரலாறு? என் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் விடியுமுன் மைல் கணக்கில் நடந்தவர். கரும்பு வெட்ட வெளியூர் போய் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்தவர். சேரிப் பெண்ணின் உழைப்பு வெளியே தேவைப்பட்டது. அதனால் அவளை யாரும் பூட்டவில்லை. ஆனால் வேலைக்கோ சாவுக்கோ பிள்ளைப்பேறுக்கோ அல்லாமல், ஓர் ஊரைப் பார்க்கவேண்டும் என்பதற்காக மட்டும் என் அம்மா ஒருநாளும் பஸ் ஏறியதில்லை. ஏற ஆசைப்பட்டாரா என்று நானும் கேட்டதில்லை.

சாதி பிழைத்திருப்பதே அகமணத்தால்தான் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விளக்கினார். உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாம் அதைக் காக்க வந்த ஏற்பாடுகள் என்றார். பெண் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்ற காவலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஐம்பதைத் தாண்டியதும் அந்தக் காவல் கொஞ்சம் தளரும். இனி இவளால் சாதிக்கு ஆபத்தில்லை என்று கணக்கு. உடனே பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மிச்சமிருப்பது கோயில் பயணம். அதை நான் கேலி செய்யமாட்டேன். வீட்டைவிட்டு நான்கு நாள் வெளியே இருக்க எத்தனையோ பெண்களுக்குக் கிடைத்த ஒரே அனுமதி அது. ஆனால் சாமி பெயரைச் சொன்னால்தான் அனுமதி என்பது ஏன்?

நான் கிளம்பினேன். தனியாகப் போகும் பெண்ணுக்கு 45 வயதானால், இடமிருந்தால், ரயிலில் கீழ்ப்படுக்கை ஒதுக்குகிறார்கள். எனக்கும் கிடைத்தது. எதிரே ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அம்மா சப்பாத்தி டப்பாவைத் திறந்துகொண்டே, "விழுப்புரத்துல எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ளயா?" என்றார். "காலனி" என்றேன். டப்பா மூடிக்கொண்டது. தூக்கம் வருகிறது என்றார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

1901இல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் அம்பேத்கரை மசூர் ரயில் நிலையத்தில் "நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். மகர் என்று தெரிந்ததும் வண்டி கிடைக்கவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டி, இரவெல்லாம் தண்ணீர் இல்லாமல் போனார்கள் அந்தப் பிள்ளைகள். வண்டிகள் மாறிவிட்டன. கேள்வியைக் கொஞ்சம் நாசூக்காக்கி வைத்திருக்கிறோம்.

நாக்பூரில் ஒரு விடுதியில் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இங்கே யாரும் சாதி கேட்கவில்லை, ஆணைக் கேட்டார்கள். எனக்கு இந்தி அரைகுறை. தனியாக வந்த பொம்பளைக்கு அறை இல்லை என்பது எந்த மொழியிலும் புரியும். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தமிழிலேயே கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று விஜயதசமிக்கு முந்தைய நாள். 1956 அக்டோபர் 14 அன்று லட்சக்கணக்கானோர் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய தீட்சா பூமி. ஆண்டுதோறும் அந்தத் திதியில் மக்கள் வந்து குவிகிறார்கள். வெள்ளைப் புடவையில் என் வயதுப் பெண்கள், என்னைவிட மூத்த பெண்கள், துணிமூட்டையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தார்கள். "ஜெய்பீம்" என்றேன். ஒரு மூதாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். பாக்ரியும் பச்சை மிளகாயும் கொடுத்தார். என் தெருவைக் கேட்கவில்லை, புருஷனைக் கேட்கவில்லை. 1942 ஜூலையில் இதே ஊரில் ஆயிரக்கணக்கான ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாடு கூடினார்கள். சுலோசனாபாய் டோங்ரே தலைமை தாங்கினார். அவர்களும் எங்கெங்கிருந்தோ மூட்டையோடு வந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தபடி தூங்கிப்போனேன்.

பயணம் மனத்துணிவால் மட்டும் நடப்பதில்லை, காசு வேண்டும். 2021இல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. "ஓசி" என்று கேலி பேசினார்கள். யாரிடமும் கையேந்தாமல் பக்கத்து ஊருக்குப் போய்வருவது எப்படி இருக்கும் என்று எங்கள் தெருப் பெண்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். ரயிலிலோ தலைகீழ். 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போயும் சலுகை திரும்பவில்லை. அதைத் திரும்பக் கேட்பதும் தோழர்களின் கோரிக்கைப் பட்டியலில் இருக்கவேண்டும்.

இன்னொன்று உங்கள் வீட்டுக்குள் செய்யவேண்டியது. அம்மா எங்கோ போகவேண்டும் என்றால் "யார் கூட?" என்று கேட்காதீர்கள், "என்னைக்கு?" என்று கேளுங்கள். டிக்கெட் எடுக்கவும் கைப்பேசியில் பணம் அனுப்பவும் கற்றுக்கொடுங்கள். அந்த நான்கு நாளும் உங்கள் பிள்ளையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது என்றால், அந்தப் பயத்தை உண்டாக்கும் விடுதியோடும் தெருவோடும் சண்டை போடுங்கள். அம்மாவை உட்காரவைப்பது அதற்குத் தீர்வல்ல.

திரும்பி வந்ததும் மகன் கேட்டான், "அடுத்து எங்கம்மா?" சவுதார் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்த மகாடுக்கு, மார்ச் 20ஆம் தேதி போகவேண்டும் என்றேன். இந்த முறை டிக்கெட்டை நானே எடுத்தேன். இரண்டு தடவை தப்பாகப் போய், மூன்றாவது தடவை சரியாக வந்தது.